கைநாட்டு முதல் கைரேகைக் கருவி வரை

தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் இலங்கைக் கப்பலுக்குக் காத்திருந்த தோட்டத் தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கும். அதில் பெயர் இருக்காது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர், அந்தத் தோட்டத்துக் கணக்கில் எத்தனையாவது ஆள் என்பதைச் சொல்லும் இலக்கங்கள் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். தகர டிக்கெட் என்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ரயில் கட்டணம், வழிச்சோறு, கப்பல் செலவு எல்லாம் அந்த இலக்கத்தின் பேரில் எழுதப்பட்டுத் தோட்டத்தின் தலையில் பற்று வைக்கப்படும். முகாம் அதிகாரி, கப்பல்காரர், ரயில்காரர், தோட்டத்துக் கிளாக்கர் என்று வழியில் இருந்த எல்லாருக்கும் அந்தத் தகரத்தைப் படிக்கத் தெரியும். கழுத்தில் போட்டிருந்தவருக்கு மட்டும் தெரியாது.

இன்று ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு லயத்து வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை அவிழ்த்துப் பாருங்கள். அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், அஸ்வெசும நலன்புரி உதவிக்கான கியூஆர் குறியீடு, கிளினிக் கொப்பி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, லோன் கம்பனியின் தவணைப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் யார் பார்க்கிறார்கள், யாருக்குக் கைமாறுகிறது என்று உறைக்குச் சொந்தக்காரருக்கு யாரும் சொன்னதில்லை.

தரவுப் பாதுகாப்பு, அறிந்து கொடுக்கும் சம்மதம் என்று கொழும்பில் கருத்தரங்குகள் நடக்கின்றன. கேட்பவர்களுக்கு இது கைத்தொலைபேசி வைத்திருக்கும் நகரத்தாரின் கவலை போலத் தோன்றலாம். உண்மையில் இலங்கையில் மிக நீண்ட காலம் எண்ணப்பட்டு, இலக்கமிடப்பட்டு, பதியப்பட்டு வந்த சமூகங்களில் ஒன்று, தோட்டங்களில் வேலை செய்ய வந்த இந்திய வம்சாவளித் தமிழரின் மலையகம். சம்மதம் என்றால் என்ன, அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை இந்த மலைகளின் பல தலைமுறை அனுபவத்தைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது.

துண்டும் லோன் கம்பனியும்

தகர டிக்கெட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் தொழிலாளிக்கு ஒரு சீட்டு வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சீட்டின் சாரம். அது இல்லாதவரை மறுதோட்டத்துத் துரை வேலைக்கு எடுக்கமாட்டார். கடன் எப்படி அவ்வளவு ஏறியது என்பது ஆட்களைத் திரட்டி வந்த கங்காணிக்குத்தான் வெளிச்சம். ஒரு மனிதரைப் பற்றிய ஒற்றைத் தகவல் அவருக்கு முன்னால் ஊருக்கு ஊர் நடந்து போய், அவருடைய விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1921 இல் இந்த முறை சட்டத்தால் ஒழிந்தது.

இப்போது அந்த வேலையைக் கடன் தகவல் பணியகம் செய்கிறது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தப் பணியகத்திடம், வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் கடன் எடுத்தவர்களின் விபரம் இருக்கிறது. பழைய துண்டோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம் ஒன்று உண்டு. நம்மைப் பற்றிய அறிக்கையை நாமே கேட்டு வாங்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். அந்த உரிமை இருப்பது எத்தனை லயங்களுக்குத் தெரியும்? குழுக்கடன் எடுக்கும் பெண்கள் கணவனின் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தொலைபேசியில் கடன் தரும் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், தொடர்பு இலக்கங்கள் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கின்றன. தவணை தவறினால் அண்ணனுக்கும் பிள்ளையின் வாத்தியாருக்கும் பக்கத்துக் காம்பிராக்காரருக்கும் அழைப்பு போகிறது. ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தியபோது அவர்கள் யாருடைய சம்மதத்தையும் நாம் கேட்கவில்லை.

மடுவத்துத் தராசு

தோட்டத்தில் ஒரு நாளின் உண்மை முழுவதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் தீர்மானமாகும். பழைய காலத்தில் தொங்கு தராசில் கூடையை மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் குறிப்பார். கூடைக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு. கொழுந்து எடுத்த பெண்ணுக்கு முள்ளும் சரியாகத் தெரியாது, எழுதியதும் தெரியாது. முழு நாள் சம்பளத்துக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேரா என்று சம்பளத்தன்றுதான் தெரியவரும். “குறையுதே ஐயா” என்று கேட்டவளுக்கு மறுநாள் எந்த மலை கிடைக்கும் என்பதை அவளே அறிவாள். அதனால் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

இப்போது தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. ஆளுக்கொரு இலக்கம், நிறுத்தவுடன் திரையில் எடை, அந்த எடை நேராகக் கணினிக் கணக்குக்கு. திரையைப் பார்த்துப் பெண்கள் தாங்களே கணக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. கழிவு என்ற பெயரில் கண்டபடி கிலோ போவதற்கு இதனால் ஒரு கடிவாளம் விழுகிறது. இதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது, நிறுக்கும் இடத்து அநியாயத்தை எதிர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த நியாயத்தில் ஒரு பகுதி இது.

ஆனால் செக்ரோல் மறதியுள்ள புத்தகம். மழையில் நனையும், கறையான் அரிக்கும், கிளாக்கர் மாறினால் அலுமாரிக்கு அடியில் போய்விடும். கணினி மறப்பதில்லை. இன்னார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த மலையில் எத்தனை கிலோ எடுத்தார், எந்த மாதத்தில் குறைந்தது என்று ஆண்டுக்கணக்காக அது வைத்திருக்கும். ஒரு பெண்ணுக்குக் கிலோ குறைந்த மாதங்கள் கர்ப்ப மாதங்களாக இருக்கலாம், வீட்டில் அடிவாங்கிய மாதங்களாக இருக்கலாம், நோயாக இருக்கலாம். கொழுந்தின் எடையைத்தான் எழுதுகிறோம் என்று நினைக்கிறோம். போதிய காலம் எழுதிச் சேர்த்தால் அதிலிருந்து ஒரு பெண்ணின் உடம்பையும் குடும்பத்தையும் வாசித்துவிடலாம். பெருந்தரவு என்று சொல்லப்படுவதன் சூட்சுமமே இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் இரகசியம் இல்லை, சேர்த்துப் பார்த்தால் எதுவும் இரகசியமாக மிஞ்சுவதில்லை. அடுத்த வருடம் யாருக்கு நிரந்தர வேலை, யாருக்குக் கைக்காசு வேலை என்று தீர்மானிக்க அந்தக் கணக்கைப் பயன்படுத்துவார்களா? தராசை வைத்த அன்றே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது தொழிற்சங்கங்களின் கடமை. கம்பனிகளோடு நாட்சம்பளத்துக்காகப் பேசுகிற மேசையில் இதற்கும் ஓர் இடம் வேண்டும்.

கேட்காமல் பிரித்த கணக்கு

மலையகத்தில் தகவல் என்பது வெறும் தகவலாக ஒருபோதும் இருந்ததில்லை. அதுவே நாடாக இருந்தது, வாக்காக இருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களைப் பிரஜாவுரிமைக்கு வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், வேண்டுமானால் விண்ணப்பியுங்கள் என்றது. மணமானவர்கள் 7 ஆண்டும் மற்றவர்கள் 10 ஆண்டும் இடைவிடாமல் இங்கே வசித்ததற்குக் காகிதத்தில் சாட்சி வேண்டும். பிறப்புப் பதிவு, செக்ரோல் பெயர், தோட்டத்துக் கடிதம் எல்லாம் தேவைப்பட்டன. அவை இருந்த இடம் தோட்டக் கந்தோர். தம்மைப் பற்றிய ஆதாரம் எதுவும் தம் கையில் இல்லாத மக்களிடம் ஆதாரம் கேட்டார்கள். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. செக்ரோலில் ஒரு பெயரும் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயரும் இருந்ததற்காக ஒரு குடும்பம் நாட்டை இழக்க முடிந்தது.

1964 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் உலக மருத்துவச் சங்கம் பின்லாந்தின் தலைநகரில் கூடி ஹெல்சிங்கிப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு மனிதரை ஆய்வுக்கு உட்படுத்தும் முன் விளக்கிச் சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும் என்ற நெறி அங்கே உலகத்துக்கு எழுதி வைக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்து, ஒக்டோபர் 30 ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 10 வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75 ஆயிரம் வீதம் பிரித்துக்கொண்டார்கள். ஆய்வுக்கு ஒரு துளி இரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்க வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்ட அதே ஆண்டில், கிட்டத்தட்டப் பத்து இலட்சம் பேரின் வாழ்க்கையைப் பிரிக்க ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று இரண்டு அரசுகள் நினைத்தன.

அதன் பிறகு விண்ணப்பப் படிவம் வந்தது. இந்தியாவா, இலங்கையா என்று குறிக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் யாரோ எழுத, கீழே கைநாட்டு வைத்தார்கள். அந்த ஒரு பெருவிரல் அழுத்தத்தில் அண்ணன் மண்டபத்துக்கும் தம்பி மஸ்கெலியாவுக்கும் ஆனார்கள். அதைச் சம்மதம் என்று சட்டம் சொன்னது. தேசிய அடையாள அட்டை வந்தபோதும் இலக்கத்தின் கடைசி எழுத்து, அட்டைக்காரருக்கு வாக்கு உண்டா இல்லையா என்று காட்டிக்கொடுத்தது. வாக்குள்ளவருக்கு ‘வீ’, மற்றவருக்கு ‘எக்ஸ்’. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிய கணமே நீட்டியவரின் நிலைமை எதிரில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வரலாற்றுக்குள்ளேயே மாற்று வழியும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, தகுதியுள்ளவர் தாமே ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்றாயிற்று. அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயமும் தொழிற்சங்கத் தொண்டர்களும் தோட்டங்களுக்கே நடமாடும் முகாம்களைக் கொண்டுவந்தார்கள். தமிழில் விளக்கினார்கள், படிவம் நிரப்ப உதவினார்கள். பத்து நாள் அளவில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். அரை நூற்றாண்டாக அவிழாத முடிச்சு இரண்டு வாரத்துக்குள் அவிழ்ந்தது. மக்களின் காலடிக்குப் போய், அவர்கள் பாஷையில், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னால் சம்மதம் வாங்குவது கடினமே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தேவையில்லை.

வாட்டுக்குள் வாங்கிய கையெழுத்து

அறிந்து கொடுக்கும் சம்மதம் என்ற சொல் பிறந்தது மருத்துவத்தில். அதனால் ஆஸ்பத்திரியைப் பேசாமல் இந்தக் கதை முடியாது. 1980 களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷனுக்கு அரசு பணம் கொடுத்தது. ஒரு காலத்தில் அது 500 ரூபாய். நாட்சம்பளத்தில் வாழும் பெண்ணுக்கு அது பெரிய காசு. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் வீதம் தோட்டப்புறங்களில் நாட்டின் மற்ற இடங்களைவிட உயர்ந்திருந்ததை அரசின் சொந்த ஆய்வுகளே காட்டின. விரும்பிச் செய்துகொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் முடிவை மதிக்க வேண்டும். ஆனால் பிரசவ வலியோடு கட்டிலில் கிடந்தபோது, தெரியாத பாஷையில் அச்சடித்த படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியதாகச் சொன்ன பெண்களும் இருக்கிறார்கள். மற்ற முறைகளைப் பற்றிச் சொல்லவே இல்லை என்றார்கள். ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் இந்தக் குறைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் படிவத்தில் கையெழுத்து இருந்தது. அறிவு இல்லை, அவகாசம் இல்லை, மறுக்கும் தைரியத்துக்கு இடமில்லை. “இங்க ஒரு கையெழுத்து வைம்மா” என்று ஒருவர் சொல்ல, வைத்துவிட்டு வருவதற்கே நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடுதான் இப்போது கைரேகைக் கருவிக்கு முன்னால் போய் நிற்கப்போகிறோம்.

கண்ணும் விரலும் கேட்கும் அட்டை

2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 6 துறைகளில் 22 குறிகாட்டிகள். வீட்டில் யாருக்குத் தீராத நோய், யாருக்கு ஊனம், எத்தனை அறை, என்ன சாமான் என்றெல்லாம் கேள்வி. உதவி கிடைக்க வேண்டுமென்பதால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். பிறகு தெரிவானவர்களின் பெயர்ப் பட்டியலைப் பகிரங்கமாக வைத்து, மேன்முறையீடும் ஆட்சேபணையும் கேட்டார்கள். வெளிப்படைத்தன்மைக்கு அது வேண்டியதாக இருக்கலாம். ஆனால் ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் வாழும் லயத்தில், யார் மிக வறியவர் என்று அரசே எழுதி ஒட்டும்போது அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பேச்சுக் கேட்கும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்து வருவது டிஜிட்டல் அடையாள அட்டை. முகம், விரல், கண்ணின் கருவிழி மூன்றும் பதியப்படும். இந்தியாவின் 300 கோடி ரூபாய் உதவியோடு நடக்கும் திட்டம் இது. 2022 மார்ச்சில் இரு அரசுகளும் இதற்கு ஒப்பந்தம் செய்தன. இந்தியாவின் அனுபவத்தை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. அங்கே ஆதார் அடையாள எண் திட்டம் வந்தபோது கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24 ஆம் திகதி 9 நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பில், நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயமாக்கக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். இலங்கை அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை தனியே எழுதப்படவில்லை என்பதால் நமக்கு அந்த எல்லைக் கோடு இன்னும் அவசியம்.

நம் மக்களுக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. உடலுழைப்பால் ரேகை தேய்ந்தவர்களைக் கருவி அடையாளம் காணாமல் திருப்பி அனுப்புவது இந்தியாவின் ரேஷன் கடைகளில் திரும்பத் திரும்ப நடந்தது. இருபது முப்பது வருடம் கொழுந்து எடுத்த பெண்ணின் விரல்களைப் பாருங்கள். ஆட்காட்டி விரலின் நுனியிலும் பெருவிரலிலும் சாயம் ஏறிக் கறுத்து, குளிரில் வெடித்து, கத்தியால் கீறியதுபோல் கோடுகள் ஓடியிருக்கும். கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். “கையைத் துடைச்சிட்டு வைங்க அக்கா” என்பார்கள். துடைத்து வைத்தாலும் எரியும். இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த விரலை, நீ யார் என்று தெரியவில்லை எனக் கருவி சொல்லுமானால், வேறு வழியில் அடையாளம் காட்டும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். குறை வந்த பிறகு பார்ப்போம் என்ற பதில் போதாது.

சட்டம் இருக்கிறது, நாம் எங்கே?

அன்றைக்கு இல்லாத ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெற்காசியாவில் முன்னோடியான சட்டங்களில் ஒன்று. சம்மதம் சுயவிருப்பில் கொடுத்ததாக, குறித்த நோக்கத்துக்கானதாக, தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், நம் தரவைப் பார்க்கலாம், திருத்தச் சொல்லலாம். உடல்நலம், இனம், கைரேகை போன்றவை தனிக் கவனத்துக்குரிய தரவுகள். முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்தன, அதற்குள் தள்ளிவைத்தார்கள். டிஜிட்டல் அட்டைக்கான வேலை வேகமாக நடக்க, காவலுக்கான சட்டம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அட்டைக்கு முன்னால் காவல் வர வேண்டும் என்று மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் உரக்கக் கேட்க வேண்டும்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது என்பதையும் நம் வரலாறு சொல்கிறது. வேலை தருபவர், வீட்டுக்குச் சொந்தக்காரர், வதிவை உறுதிப்படுத்திக் கையெழுத்திடுபவர் எல்லாரும் ஒரே கந்தோரில் இருக்கும்வரை “எனக்கு விருப்பமில்லை” என்ற சொல் தொழிலாளியின் வாயில் வராது. கடிதம்கூடத் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்கு வரும் என்ற நிலை பல தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. தனக்கென்று ஒரு காணித்துண்டும் ஒரு முகவரியும் உள்ளவர்தான் மறுத்துப் பேச முடியும். ஆகவே காணியுரிமைப் போராட்டமும் தரவுரிமையும் வேறு வேறு அல்ல. மறுத்தால் இழப்பு வராது என்ற நிலையில் சொல்லும் ‘ஆம்’ மட்டுமே சம்மதம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்றே நம் கையில் இருக்கிறது. பிரதேச செயலகத்திடம் எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். என் குடும்பத்தைப் பற்றி அஸ்வெசும பதிவில் என்ன இருக்கிறது, எந்தப் பதிலுக்காக என்னை விலக்கினீர்கள் என்று தமிழிலேயே கேட்கலாம். ஏ.எல். படித்த பிள்ளைகள் இன்று பல லயங்களில் இருக்கிறார்கள். கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் மாதர் சங்கமும் உள்ள தோட்டங்களில், மாதம் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, வருகிற படிவத்தை எல்லாருக்கும் வாசித்துச் சொல்லவைக்க முடியும். இது எதற்கு, யார் வைத்திருப்பார்கள், எத்தனை காலம், மறுத்தால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு விரலை வைக்கலாம். பதில் கிடைக்காவிட்டால், பதிலோடு வாருங்கள் என்று அதிகாரியைத் திருப்பி அனுப்பலாம். 2003 இல் படிவம் நம் வாசலுக்கு வந்தது. இனி வரும் ஒவ்வொரு படிவமும் கருவியும் அப்படித்தான் வர வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, பிரஜையின் உரிமை.